ஒரு கோபக்காரப் போதகர்

அன்புள்ள வாத்தியாருக்கு,

கடிதம் வந்தது. உனக்குச் சர்க்கரை குறைந்ததும் பேத்தி எம்.எஸ்சி. சேர்ந்ததும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது.

சங்கத்தை விட்டு விலகிவிட்டாயாமே. "இவ்வளவு கோபம் இருப்பவர் பொதுக்காரியத்துக்கு ஆகமாட்டார்" என்று அந்தப் பொருளாளர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்தாயா? என் பிராக்டிகல் நோட்டைக் கிழித்தெறிந்த ஆளா நீ?

அட்லாண்டாவில் மகன் வீட்டுக்குப் போகும் சாலைக்கு ஹோசியா எல். வில்லியம்ஸ் டிரைவ் என்று பெயர். யார் என்று விசாரித்தால், ஆள் உன் கட்சி: வேதியியல்காரர், மகா கோபக்காரர். கூடவே போதகர், இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய். கொஞ்ச நாளாக இவரைப் பற்றியே படிக்கிறேன். நான் வாயைத் திறந்தாலே வீட்டில் எல்லோருக்கும் வேலை வந்துவிடுகிறது. அதனால் நீ மாட்டிக்கொண்டாய்.

1926-இல் அட்லாண்டா இருக்கும் அதே ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் பிறந்தவர். கறுப்பினத்தவர் மட்டுமே இருந்த படைப்பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் போரிட்டு, காயம்பட்டு, ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்து, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தோடு ஊர் திரும்பினார். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் தாகம் எடுத்தது. வெள்ளையர் குழாயில் தண்ணீர் குடித்ததற்காக, சீருடையில் இருந்த மனிதரை அடித்து வீழ்த்தினார்கள். செத்துவிட்டார் என்று சவ வண்டியையே வரவழைத்தார்களாம். வந்தவர்தான் நாடி துடிப்பதைக் கண்டார். மறுபடியும் மருத்துவமனை. ஹிட்லரின் படையிடம் தப்பியவரைச் சொந்த ஊர்க்காரர்கள் முடித்திருப்பார்கள்.

பிறகு வேதியியல் படித்து, அதே மாநிலத்தின் சவானா நகரில் மத்திய வேளாண்துறையில் ஆராய்ச்சியாளர் ஆனார். நல்ல சம்பளம், கௌரவமான வேலை. ஒருநாள் இரண்டு பையன்களோடு மருந்துக்கடைக்குப் போகிறார். அங்கே சோடா விற்கும் மேடைமுன் வெள்ளைப் பிள்ளைகள் சுழல் நாற்காலியில் சுற்றிச் சுற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தனக்கும் வேண்டும் என்று இவர் பையன்கள் அழ, ஏன் கூடாது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறார். இரண்டு பெண்களைப் பெற்ற உனக்கு இதற்குமேல் நான் எழுத வேண்டியதில்லை.

அந்தக் கோபத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் உனக்கான பாடம். மதிய உணவு இடைவேளையில் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து, ரைட் சதுக்கத்தில் பழங்குடித் தலைவர் டோமோசிச்சியின் நினைவுப் பாறைமேல் ஏறி நின்று பேசுவார். போவோர் வருவோர் எல்லாம் கேட்டார்கள். 1963-இல் 65 நாள் சிறை. ஆனால் அந்த அக்டோபரிலேயே கடைகளிலும் பொது இடங்களிலும் கறுப்பினத்தவரைப் பிரித்துவைப்பதைக் கைவிட்டு, சவானா வழிக்கு வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் அதற்கான சட்டம் வந்தது அடுத்த ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங்கே அவரை, கியூபப் புரட்சித் தலைவரின் பெயரால், "என் காஸ்ட்ரோ" என்று அழைத்தார் என்றால் குணத்தைப் பார்த்துக்கொள்!

1965 மார்ச் 7, அலபாமா மாநிலத்துச் செல்மா. கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம். சுமார் 600 பேருக்கு முன்னால் இளம் போராட்டத் தலைவர் ஜான் லூயிஸும் இவரும். பாலத்தின் மேட்டில் ஏறியதும் எதிரே காவலர் வரிசை, கீழே அலபாமா ஆறு. "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று இவர் கேட்கிறார். தெரியாது என்கிறார் லூயிஸ். இவருக்கும் தெரியாது! அப்படியும் நடந்தார்கள்; தடியடியும் கண்ணீர்ப்புகையும் வாங்கினார்கள்.

1971-இல் மனைவி ஜுவானிட்டாவோடு சேர்ந்து, நன்றியறிதல் நாளில் வீடில்லாத சுமார் நூறு பேருக்குச் சாப்பாடு போட்டார். அது வளர்ந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஆயிற்று. 2000-இல் அவர் இறந்தபின் மகள் ஏற்று நடத்தினார். இவர் அமைதியான பிறகு தொண்டுக்கு வரவில்லை, வாத்தியாரே. சாப்பாடு போட்டுக்கொண்டேதான் சண்டையும் போட்டார். 1987-இல், அறுபது கடந்த வயதில், கறுப்பினத்தவரை அண்டவிடாத ஃபோர்சித் கவுண்டி என்ற ஜார்ஜியா மாவட்டத்துக்குள் ஊர்வலம் போய்க் கல்லடி பட்டார். அடுத்த வாரமே சுமார் 20,000 பேரோடு திரும்பிப் போனார். உன் பொருளாளர் அங்கே இருந்திருந்தால் நிதானத்தைப் பற்றி ஓர் உரை ஆற்றியிருப்பார்.

ஆகவே ராஜினாமாவைத் திரும்ப வாங்கு. கணக்கு நோட்டை அவரிடமே விட்டுவிடு. பிள்ளைகள் படிக்கும் அறைக்குக் கூரை போடும் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொள். கத்த வேண்டிய இடத்தில் கத்து.

ஒன்றை மறைக்கமாட்டேன்: 1980-இல் இந்த மனிதர் அதிபர் தேர்தலில் பழமைவாதியான ரீகனை ஆதரித்தார். எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை. நீ அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பாய். வரிவரியாக எழுது, மறுக்கத் தயாராக இருக்கிறேன். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்