எமனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
மே 28

அன்புள்ள எமனுக்கு,

பிறந்தநாள் வாழ்த்து இரண்டு நாள் தாமதம். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். 26ஆம் தேதி முழுக்க உன் நினைப்புத்தான். கோபம் ஃபோனை எடுக்க விடவில்லை. மதினியின் முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். மாமரம்தான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

நம் நாடக சபாக்காரப் பையன்கள் (எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது) உனக்கு விழா எடுக்கிறோம் என்று வந்தார்களாம். “முப்பது வருஷம் தமிழ் நடத்தினேன், அதற்கு ஒரு துண்டு போடத் தோன்றவில்லை, மீசை ஒட்டிக்கொண்டு கயிறு வீசியதற்கு மாலையா?” என்று விரட்டிவிட்டாயாமே. வந்தவர்களுக்கு ஒரு வாய் காபியாவது கொடுத்தாயா?

அந்த எரிச்சலோடு நேற்று இரவு கிறிஸ்டோபர் லீ நடித்த டிராகுலா படத்தை மறுபடி பார்த்தேன். 1958இல் வந்தது. நேற்று அவருடைய பிறந்தநாளும்கூட. கல்லூரி நாட்களில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு, சுடுகாட்டுப் பாதை வேண்டாம் என்று இரண்டு மைல் சுற்றி நடந்தோமே, அதே படம். சுற்றச் சொன்னது யார் என்பதை இன்றுவரை நான் வெளியே விடவில்லை.

அன்று நமக்குத் தெரிந்தது இரத்தம் மட்டும். நேற்றுதான் அந்த மனிதரின் வேலை கண்ணில் பட்டது. மாடிப்படியின் உச்சியில் கறுப்பு உருவம், ஆறடி ஐந்தங்குலம். நாம் மூச்சைப் பிடிக்கிறோம். ஆளோ விறுவிறுவென்று இறங்கி வந்து, பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்கும் மாமாவைப் போல மரியாதையாகப் பேசுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அதே முகம், சிவந்த கண்ணும் இரத்தம் வடியும் வாயுமாகக் கதவில் வந்து நிற்கிறதே, அப்போது வயிறு கலங்குவது அந்த உபசாரத்தால்தான். மொத்தப் படத்திலும் அவர் வருவது பத்து நிமிஷம்கூட இருக்காது. தொடக்கத்தில் விருந்தாளியிடம் பேசுவதோடு வசனமும் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் கண்ணும் தோளும் நடையும். வசனமில்லாமல் நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டில் நிற்பாயே, அது எனக்கு ஞாபகம் வந்தது. உடனே தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே.

அதற்கு அவருக்குக் கிடைத்த சம்பளம் 750 பவுண்டு. அந்தப் படத்தை எடுத்த ஹாமர் நிறுவனத்துக்காக 1973 வரை ஏழு முறை அந்த அங்கியை மாட்டினார். 1966 படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எழுதியிருந்த வசனம் வாயில் வைக்க விளங்கவில்லை, அதனால் பேச மறுத்தேன் என்றார் அவர். நான் எழுதவே இல்லையே என்றார் கதாசிரியர்.  இனி நடிக்க மாட்டேன் என்று லீ முரண்டுபிடிக்கும்போதெல்லாம், நீங்கள் வராவிட்டால் இத்தனை பேர் பிழைப்பு என்னாவது என்று தயாரிப்பாளர் உருகுவாராம். இவரும் போய் நிற்பார். உன்னையும் நாங்கள் அப்படித்தானே தள்ளிக்கொண்டு போனோம்.

பின்னாளில் ஜின்னாவாக நடித்தார். கராச்சியில் படப்பிடிப்பு நடந்தது. நம் சசி கபூரும் அதில் உண்டு. டிராகுலாவா எங்கள் ஜின்னா என்று அங்கே பத்திரிகைகள் கொதித்தன. தான் நடித்ததில் அதுவே முக்கியமானது என்று கடைசிவரை சொன்னார், உன் முப்பது வருஷத் தமிழைப் போல. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் என் தூக்கத்தைக் கெடுத்தது அங்கிக்காரர்தான், நான் என்ன செய்ய?

இன்னொன்று. டிராகுலாவைத் துரத்தும் வான் ஹெல்சிங்காக வந்த பீட்டர் குஷிங்கின் பிறந்தநாள் மே 26, உன்னுடையதேதான். திரையில் ஒருவரையொருவர் கொன்றவர்கள், வெளியே கார்ட்டூன் பூனை மாதிரி குரல் மாற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்களாம். 1994இல் ஹாமர் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். குஷிங்குக்கு உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. அந்த ஆகஸ்டில் போய்விட்டார். லீ அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். சர் பட்டம் வாங்கினார், கிழவயதில் ஹெவி மெட்டல் என்ற ராக் இசையில் தட்டெல்லாம் போட்டார். ஆனால் அப்படி ஒரு நண்பர் மறுபடி வாய்க்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. பங்குனியில் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், நடக்கிறேன், உப்புதான் இல்லை. மயக்கம் தெளியும்போது கட்டிலருகே கறுப்பாக ஒருவர் நின்றார். நீதான் என்று நினைத்து, “கயிறு எங்கே?” என்று கேட்டுவிட்டேன். வார்டு உதவியாளர் பாவம், பயந்துபோனார்.

விழாவுக்கு உன் சார்பில் நானே சம்மதம் சொல்லிவிட்டேன். தமிழ் வாத்தியாருக்கு ஒரு துண்டு, எமனுக்கு ஒரு மாலை, இரண்டும் உண்டு என்று பேசி முடித்தாயிற்று. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். கதாயுதம் உன் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. மதினியை ஏணியில் ஏறவிடாமல் நீயே இறக்கி வை.

இப்படிக்கு,
சித்திரகுப்தன்