எஃப் கார்டோடு நின்றுபோன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கிட்டாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டதாகச் சொன்னாய். மூன்று மாதமாகியும் ஒரு பாட்டுகூட வரவில்லை, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கக் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் அந்த எஃப் கார்டை நினைத்தாலே கை வலிக்கிறது என்றாய். அன்று ஃபோனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கார்டுகளைப் பிடிக்க உனக்குத் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் தடுமாறுகிறாய். எல்லா விரல்களையும் தூக்கிவிட்டு, முதலிலிருந்து தேடுகிறாய். ஏ மைனரிலிருந்து சி மேஜருக்குப் போக ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் (மெல்லிய கம்பியை ஒன்றென எண்ணினால்) மூன்றாம் கம்பியை விட்டு, ஐந்தாம் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் மூன்றாவது கட்டத்துக்கு, போனால் போதும். எந்த இரண்டு கார்டை எடுத்தாலும் அசையாத விரல் எது என்று முதலில் பார். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி, தினமும் குறித்து வை.

அப்புறம் அர்பேஜியோ, அதாவது கார்டின் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுவது. இதைத் தள்ளிப்போடாதே. எல்லாக் கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டி ஸ்ட்ரம் செய்யும்போது ஆறு கம்பியின் சத்தத்தில் தப்பு மறைந்துவிடும். என் சி மேஜர் சரியாக இருக்கிறது என்றே நான் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒவ்வொரு கம்பியாக மீட்டியபோது முதல் கம்பி ஊமையாகக் கிடந்தது. இரண்டாம் கம்பியில் இருந்த ஆட்காட்டி விரல் லேசாகச் சாய்ந்து அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரலை நுனியில் நிமிர்த்தியதும் அந்தக் கம்பி பேசியது. அன்றுதான் என் சி மேஜரை முதல்முறையாக முழுசாகக் கேட்டேன்.

ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஐந்தாம் கம்பி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, திரும்ப இரண்டு, மூன்று என்று மெதுவாக மீட்டு. தி அனிமல்ஸ் குழு 1964-இல் வெளியிட்ட 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாட்டின் கிட்டார் இப்படிக் கார்டுகளைப் பிரித்து வாசிப்பதுதான். ஏ மைனர், சி, டி, எஃப் என்று அது போகும் வரிசையில் உன் எஃப்பும் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்று முதல் நான்கு வரையிலான கம்பிகளில் மட்டும் அதைப் பிடி, பாட்டு நிற்காது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பாரே வேண்டுமென்றால் எஃப்பின் முழு வடிவத்தை ஐந்தாவது ஃபிரெட்டில் பழகு. முதல் ஃபிரெட்டைவிட அங்கே கம்பி எளிதாக அமுங்கும்.

ரிஃப்பும் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) வேண்டும், ஆசைக்காகவாவது. டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப்பை நான்காம், மூன்றாம் கம்பிகளிலேயே வாசித்துவிடலாம். முதலில் விரல் வைக்காத திறந்த கம்பிகள், அப்புறம் மூன்றாவது, ஐந்தாவது ஃபிரெட். அதை வாசித்த கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அந்த இரண்டு கம்பிகளையும் பிக் இல்லாமல் விரல்களால் ஒரே நேரத்தில் இழுப்பார். ஸ்வரங்களைவிட நடுவில் வரும் இடைவெளிதான் கஷ்டம். சத்தத்தைச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துக்கொள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். ஃபோனைக் கிட்டார் பக்கத்தில் வைத்து, சி மேஜரை ஒவ்வொரு கம்பியாக மீட்டிக் காட்டு. முதல் கம்பி கேட்கிறதா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா