எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்தான், வலியும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிறுகளுக்கு முன்னால் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்த கேள்வியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உடம்பு முழுக்க வலிக்கிறது, காலையில் எழுந்தால் தூங்கின மாதிரியே இல்லை, எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், வீட்டில் யாரும் நம்பவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள் என்று நாலு வரியில் பதில் போட்டிருந்தீர்கள். உடம்பு முழுக்க நாள்பட்ட வலியும் அசதியும் தருகிற நோய் ஒன்று இருக்கிறது, ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர், அந்தப் பெயர் எங்கேயாவது வரும் என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன், வரவில்லை. அந்தக் கேள்வியில் பாதியை நானே எழுதியிருப்பேன், அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன், வயது 47. முதலில் இடது தோள்பட்டையில்தான் ஆரம்பித்தது, 2017-ல். சேலைக் கட்டுகளைத் தூக்கி அடுக்குகிற வேலை, அதனால் வந்திருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு விட்டுவிட்டேன். அப்புறம் கழுத்து, இடுப்பு, இரண்டு கெண்டைக்கால், கடைசியில் தாடை வரைக்கும் வந்துவிட்டது. தமிழில் வலிக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறோம், குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு என்று, அத்தனையும் முறை வைத்துக்கொண்டு எனக்கு வந்து போகும். சில நாள் ஜாக்கெட்டின் கைப்பிடிப்பு பட்டாலே கையில் சூடு வைத்த மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி "சிக்குன்குனியா வந்துச்சா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி "வாய்வா இருக்குமோ?" வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நன்றாக உருவிவிடுவார், அவரிடம் போய் உருவிக்கொண்டு வந்து மறுநாள் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது தனிக் கதை.

இரண்டு வருடம் அலைந்தேன். தைராய்டு, மூட்டுவாதம் இருக்கிறதா என்று பார்க்கிற ஆர்.ஏ. ஃபாக்டர், உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கிற ஈ.எஸ்.ஆர்., எக்ஸ்ரே, முதுகுக்கு ஒரு ஸ்கேன். வைட்டமின் டி மட்டும் கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை சாப்பிட்டு அதுவும் சரியாகிவிட்டது, வலி சரியாகவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்லைம்மா, சந்தோஷமா போங்க" என்று ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துக் கொடுத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. ஒன்றுமில்லை என்று சொன்னதற்கு எவளாவது அழுவாளா என்று என் வீட்டுக்காரர் ஆட்டோவில் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அப்போது எனக்கே பதில் தெரியாது.

கடைசியில் 2019-ல் ஒரு வாதநோய் மருத்துவர்தான் இது ஃபைப்ரோமயால்ஜியா என்று கண்டுபிடித்துச் சொன்னார். வாதம் என்றதும் கை கால் விழுந்துபோவதுதான் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கமே போவதில்லை, மூட்டு, தசை வலிகளைப் பார்க்கிற தனிப் பிரிவு அது, பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. அவர் புது டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. மனித உருவம் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் எங்கெங்கே வலித்தது என்று குறிக்கச் சொன்னார், உடம்பை 19 இடமாகப் பிரித்திருந்தார்கள், நான் 14 குறித்தேன். தூக்கம் எப்படி, அசதி எவ்வளவு, மறதி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார். மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே இருக்கிறதா என்று கேட்டார். முன்பெல்லாம், அதாவது 1990-ல் வந்த முறைப்படி, உடம்பில் 18 இடத்தை அழுத்திப் பார்த்து 11-ல் வலித்தால்தான் இந்த நோய் என்பார்களாம், 2010-க்குப் பிறகு அது மாறிவிட்டது. இந்த நோயை ரத்தத்தில் காட்டுகிற டெஸ்ட் எதுவும் கிடையாது. வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த டெஸ்டுகள். ஆக, ரிப்போர்ட் நார்மலாக இருப்பது இந்த நோயில் வழக்கமாக நடக்கிற விஷயம், நான் பொய் சொல்கிறேன் என்பதற்குச் சாட்சி இல்லை. அதைத்தான் உங்கள் பதிலில் எதிர்பார்த்தேன்.

எதனால் வருகிறது என்று கேட்டேன். தசையிலோ மூட்டிலோ தேய்மானம் இல்லை, வலியைக் கொண்டுபோகிற நரம்புகளும் மூளையும் அளவுக்கு மீறி விழித்துக்கொண்டிருக்கின்றன என்றார். ஆடி மாதம் எங்கள் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், மைக் பக்கத்தில் யாராவது லேசாக இருமினாலே நாலு தெருவுக்குக் கேட்கும், அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இருமல் பொய்யில்லை, ஆனால் கேட்கிற சத்தம் இருமலுக்குத் தகுந்தது இல்லை.

மாத்திரையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ராத்திரி குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்தார், தூக்கம் கொஞ்சம் தேறியது. நரம்பு வலிக்குக் கொடுக்கிற பிரீகாபலின் ஒத்துக்கொள்ளவில்லை, கால் வீங்கி, கடையில் நின்றுகொண்டே தலை சுற்றியது, சொன்னதும் மாற்றிவிட்டார். நிறைய பேருக்கு அதுதான் கேட்கிறது என்கிறார்கள், எனவே என் அனுபவத்தை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம், நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளில் சில மனச்சோர்வுக்கும் கொடுப்பவை. சொந்தக்காரப் பெண் ஒருத்தி செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கு மனசு சரியில்லையாம்" என்று கல்யாண வீட்டில் சொல்லிவைத்தாள். மனசுக்கு மாத்திரை சாப்பிட்டால்தான் என்ன கேவலம், அது வேறு விஷயம், ஆனால் எனக்குக் கொடுத்தது வலி நரம்புக்காக. நாம் சாதாரணமாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும், இடுப்பில் போடுகிற ஊசியும் இந்த வலிக்குப் பெரிதாகக் கேட்காது, வயிறுதான் புண்ணாகும். இரண்டு வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஐரோப்பாவின் வாதநோய் மருத்துவர் அமைப்பு 2016-ல் இந்த நோய்க்கான பரிந்துரைகளைத் திருத்தி வெளியிட்டபோது, அத்தனை சிகிச்சைகளிலும் அழுத்தமாகச் செய்யச் சொன்னது உடற்பயிற்சியை மட்டும்தான் என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. நிற்கவே முடியாதவளிடம் நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் என்றார். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி காலையில் நிறைய பேர் நடப்பார்கள், ஒரு பக்கமே கிட்டத்தட்ட ஆயிரம் அடி இருக்கும். முதல் மாதம் அந்த ஒரு பக்கத்தில் பாதி வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். ஏழெட்டு மாதம் ஆனது ஒரு முழுச் சுற்று வர. நடுவில் ஒரு நாள் உற்சாகத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு நான்கு நாள் லீவு போட்டேன்.

அந்த நான்கு நாள்தான் எனக்குப் பாடம். இந்த நோயில் மோசமான நாளை விட நல்ல நாள்தான் ஏமாற்றும். வலி குறைவாக இருக்கிறதே என்று பரணைத் துடைத்து, மாவு அரைத்து, ஒரு வாரத் துணியை ஊறவைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்போம், மறுநாளிலிருந்து மூன்று நாள் எழ முடியாது. "நேத்து நல்லாத்தானே இருந்தே" என்பார்கள், நேற்று நன்றாக இருந்ததுதான் இன்றைக்குக் காரணம் என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது. இப்போது வலி வந்தபிறகு நிறுத்துவதில்லை, வருவதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறேன். செல்போனில் 20 நிமிடம் அலாரம், அடித்தால் பாதி நறுக்கின பீன்ஸ் பாதியிலேயே கிடக்கும். மாவை ஒரே தடவையாகப் பெரிய கிரைண்டரில் அரைத்த காலம் போயிற்று, இரண்டு நாளைக்கு ஆகும்படி சின்னதில் அரைக்கிறேன், கல்லைத் தூக்கிக் கழுவுவது மகன் வேலை, தேங்காய் துருவுவதும் அவன்தான், பத்தாவது படிக்கிறான், முனகிக்கொண்டே செய்வான். வாளியில் பாதித் தண்ணீர்தான் பிடிப்பது. வாசலில் கோலம் சின்னதாகிவிட்டது, மார்கழியில் மட்டும் மனசு கேட்காது. வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் காலையில் எந்த வேலையும். நான்கு மணிக்கு மேல் டீ இல்லை, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கை, சீரியல் முடிகிற நேரத்தைப் பார்த்துப் படுப்பது கிடையாது.

மறதியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போடுவது பரவாயில்லை. 19 வருடமாக எடுத்துக் காட்டுகிற சேலையின் பெயர் வாய்க்குள் நின்றுகொண்டு வராது, வாடிக்கையாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்காக இடுப்பில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம், அது என் மகள் யோசனை. தினமும் காலையில் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் அன்றைய வலிக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதிவிடுவேன். யாரும் என்னைக் கேட்கவும் வேண்டாம், நானும் புலம்ப வேண்டாம், ஏழுக்கு மேல் இருந்தால் அன்றைக்கு இரவு இட்லியைக் கடையில் வாங்கிக்கொள்வது. என் ராசிக்குச் சுகம் என்று அச்சடித்திருக்கும், பக்கத்திலேயே நான் எட்டு என்று எழுதியிருப்பேன். கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் மாட்டி டாக்டரிடம் கொண்டுபோனால் அவருக்கும் எளிதாக இருக்கிறது. மாமியாருக்கு முட்டிவலி, வீக்கம் கண்ணுக்குத் தெரியும், அதனால் என் வலியை அவர் ரொம்ப நாள் கணக்கில் எடுத்ததில்லை. இப்போது காலையில் தாளைக் கிழிக்கப் போகும்போது எண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தானே காபி போட்டு வைத்துவிடுகிறார்.

வேலையிடத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது, கேரளாவில் அதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்டது. எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் மேற்பார்வையாளரின் பார்வையும் இருக்கிறது. கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை மதியத்தில்கூட கலைந்த சேலையை மறுபடி மடித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம், உட்காருகிறவள் சோம்பேறி. எங்கள் தளத்தில் 22 பெண்கள், கால் வலி இல்லாதவள் ஒருத்தி கிடையாது, அதில் என்னைப் போல எத்தனை பேரோ. நான் டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, இப்போது பாதி நேரம் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிற இடத்துக்குக் கணக்கு எழுத மாற்றிக்கொண்டேன். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் உடம்பு கட்டையாகிவிடும், எனவே பாதி நிற்பது, பாதி உட்காருவது. இதற்கு முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்த நோய் இல்லை, அதனால் சான்றிதழ் காட்டி எதையும் கேட்க முடியாது. நான் சான்றிதழும் கேட்கவில்லை, முறைப்பு இல்லாமல் பத்து நிமிடம் உட்கார விட்டால் போதும். உங்கள் நிருபர்கள் யாராவது ஒரு நாள் சேலை வாங்குகிற மாதிரி நாலு கடை ஏறி இறங்கி, ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதலாம்.

இன்னொன்று, வருத்தப்படாதீர்கள். அதே மருத்துவப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் "சகல வலிகளும் 21 நாளில் குணம்" என்று விளம்பரம் வந்திருந்தது. அந்த மாதிரி ஒரு இடத்தில் 18,000 ரூபாய் கட்டி எண்ணெய்க்குளியல் போட்டவள் நான், அந்த நேரத்துக்கு இதமாக இருந்தது, பேருந்து ஏறி வீடு வருவதற்குள் போய்விட்டது. இது உயிரை எடுக்கிற நோய் இல்லை, மூட்டை முடமாக்கவும் செய்யாது, ஆனால் அடியோடு போக்கும் மருந்தும் இன்றைக்கு வரை இல்லை. மேலே ஆறுதல் சொல்லிவிட்டுக் கீழே இதைப் போட்டால் அந்த வாசகி எங்கே போவார்?

அவருக்கு, முடிந்தால் அதே இடத்தில், மறுபடியும் ஒரு பதில் போடுங்கள். வாதநோய்ப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். காய்ச்சல், எடை குறைவது, மூட்டு வீங்குவது, கை கால் மரத்துப் பலமில்லாமல் போவது இதெல்லாம் இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் உடனே போகச் சொல்லுங்கள். கூட வீட்டுக்காரரையும் ஒரு தடவை உள்ளே அழைத்துப் போகச் சொல்லுங்கள், என் வீட்டில் டாக்டர் வாயால் கேட்ட பிறகுதான் பேச்சு மாறியது.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். மூன்று நாளாக, அலாரம் அடிக்கும்போதெல்லாம் பேனாவை மூடிவைத்து எழுதினேன். நடுவில் சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை