பழைய நம்பரை அழிக்காம புது நம்பர் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

புது ஆண்ட்ராய்டு போன்கள்ல மெமரி பேஜ் சைஸ் மாறறதால பழைய ஆப் சிலது ஓடாம போகலாம்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க, கடைசில பழைய ஆப்பை எல்லாம் தூக்கிடுங்கன்னு முடிச்சிருந்தீங்க. அது எனக்கு சரியா படல. இருபது வருஷமா டேட்டாபேஸ் சர்வர் பாத்துக்கற வேலைல இருக்கேன், அதான் எழுதறேன்.

கம்ப்யூட்டர் மெமரியை துண்டு துண்டா தான் கையாளும், ஒரு துண்டுக்கு பேஜ்னு பேரு. 1985ல இன்டெல் 386 வந்தப்போ அந்த பேஜ் 4 கேபி, நம்ம சாதாரண லேப்டாப், சர்வர்ல இன்னிக்கும் அதே 4 கேபி தான். அப்போ அது போதும். இப்ப 64 ஜிபி ராம் இருக்கற சர்வரை எடுத்துக்கோங்க, 4 கேபியா வெட்டினா 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல துண்டு வரும். எந்த துண்டு எங்க இருக்குன்னு ப்ராசசர் சட்டுனு பாக்கறதுக்கு டிஎல்பின்னு ஒரு குட்டி பட்டியல் உள்ளயே வச்சிருக்கு, அதுல சில ஆயிரம் வரி தேறினாலே பெருசு. பட்டியல்ல இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மெமரிக்குள்ள போய் தேடணும், அங்க தான் நேரம் போகுது. அதே 64 ஜிபியை 2 எம்பியா வெட்டினா 32,768 துண்டு, 1 ஜிபியா வெட்டினா வெறும் 64 துண்டு. அதனால பெரிய பேஜ் வேணும்ங்கறதுல எனக்கு எந்த மறுப்பும் கிடையாது.

ஆனா எப்படி கொண்டு வர்றோம்னு ஒண்ணு இருக்கு. சர்வர்ல ஓடற லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துல முன்னாடி ஒரு மெஷின்ல ஒரே ஒரு பெரிய பேஜ் சைஸ் தான் வச்சுக்க முடியும். 2008ல 2.6.27 கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வந்தப்போ தான் 2 எம்பி, 1 ஜிபி ரெண்டையும் ஒரே நேரத்துல வச்சுக்கலாம்னு ஆச்சு. மெமரி விவரம் காட்டற மெம்இன்ஃபோ ஃபைல்ல, பெரிய பேஜ் சைஸ் என்னன்னு சொல்ற ஹியூஜ்பேஜ்சைஸ்னு ஒரு வரி இருக்கும், ஊர்ல இருக்கற ஸ்கிரிப்ட் (குட்டி ப்ரோக்ராம்) எல்லாம் அதை தான் படிக்கும். அந்த வரில ரெண்டு நம்பரை பக்கத்துல பக்கத்துல போட்டிருந்தா அத்தனையும் குழம்பியிருக்கும். அவங்க அப்படி செய்யல, அந்த வரில டீஃபால்ட் சைஸ் மட்டும் எப்பவும் போல ஒரே நம்பரா இருக்கும், புதுசா வந்த சைஸ் எல்லாத்துக்கும் கர்னல் தன்னோட விவரத்தை காட்டற சிஸ்எஃப்எஸ்ங்கற இடத்துல தனித்தனி ஃபோல்டர். தெரிஞ்சவன் அங்க போய் பாத்துப்பான், தெரியாத பழைய ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். சென்னைல வீட்டு கதவுல பழைய எண், புதிய எண் ரெண்டும் எழுதி வைப்பாங்களே, அதே தான், தபால்காரர் எதை வச்சு வந்தாலும் வீடு கிடைச்சிடும். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதின மானிட்டரிங் ஸ்கிரிப்ட் ஒண்ணை நான் கர்னல் மாத்தினப்போ ஒரு எழுத்து கூட தொடல. 2002ல சோலாரிஸ் 9ங்கற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துலயும் இதே வழி தான், பேஜ் சைஸ் என்னன்னு பழைய ஃபங்ஷன்ல கேட்டா பழைய பதில், எல்லா சைஸும் வேணும்னா அதுக்கு புதுசா வேற ஃபங்ஷன்.

ஆண்ட்ராய்டுல நடக்கறது இது இல்ல. அங்க அடிப்படை பேஜையே 4 கேபில இருந்து 16 கேபியா மாத்தறாங்க, ஆண்ட்ராய்டு 15ல இருந்து சப்போர்ட் இருக்கு. மெமரி நெருக்கடியில ஆப் திறக்கற நேரம் சராசரியா 3.16 சதவீதம் குறையுதுன்னு கூகுள் சொல்லுது, நல்லது தான். ஜாவா, காட்லின்ங்கற ப்ரோக்ராம் மொழில மட்டும் எழுதின ஆப்புக்கு பிரச்சனையே இல்ல. சி, சி++ல எழுதின லைப்ரரி (ரெடிமேட் கோட்) உள்ள இருந்து, அது 4 கேபி கணக்குல லிங்க் ஆகியிருந்தா, இல்ல எவனோ 4 கேபிக்கான பைட் கணக்கை 4096னு கையால எழுதி வச்சிருந்தா தான் விழும். பெரும்பாலும் புது என்டிகேல (ஆண்ட்ராய்டுக்கு சி, சி++ கோடை தயார் பண்ற டூல்) திரும்ப பில்ட் பண்ணாலே போதும். ஆனா பில்ட் பண்ண ஆள் வேணுமே? எங்க ஆபீஸ் கைரேகை மெஷினுக்கு ஆப் எழுதி குடுத்த கம்பெனிய மூடிட்டு போயிட்டாங்க, சோர்ஸ் கோட் யார்கிட்டயும் இல்ல, நான் யாரை போய் கேக்கறது?

லினக்ஸ் விக்கற ரெட் ஹேட் கம்பெனி கூட, ஆர்ம் (போன்ல இருக்கற வகை ப்ராசசர்) சர்வருக்கு 7, 8 வெர்ஷன்ல 64 கேபி வச்சிட்டு 9ல 4 கேபிக்கு திரும்பி வந்தாங்க, 64 கேபி வேணும்ங்கறவங்களுக்கு அப்புறமா தனி கர்னல் குடுத்தாங்க. திரும்பி வர்றது ஒண்ணும் தோல்வி இல்ல.

ஆண்ட்ராய்டு 16ல பழைய ஆப்புக்குன்னு ஒரு கம்பாட்டிபிலிட்டி மோட் குடுத்திருக்காங்க, முதல் தடவை திறக்கறப்போ எச்சரிக்கை காட்டிட்டு ஓட விடும். அந்த மோடை ரெண்டு மூணு வருஷத்துல தூக்கிடாம வச்சிருக்கணும்ங்கறது தான் என் கோரிக்கை. உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல அடுத்த தடவை எழுதறப்போ பழைய ஆப்பை தூக்குங்கன்னு எழுதாதீங்க, அந்த மோட் இருக்குன்னு எழுதுங்க, ஆப் எழுதறவங்களுக்கு 4096னு கையால போடாம சிஸ்டத்தையே கேட்டு வாங்குங்கன்னும் ஒரு வரி சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க தினசரி வாசகன், ஒரு சிஸ்டம் அட்மின்