முதுகு பற்றி மட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்ன அத்தை வீட்டு விஷயம் நீ சொன்னபடியேதான் முடிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

9ஆம் தேதி நீ அனுப்பிய எக்ஸ்ரே ரிப்போர்ட்டையும், 24 தடவை வரச் சொல்லி அந்த கைரோபிராக்டர், அதுதான் முதுகெலும்பைக் கையால் அழுத்தி வைத்தியம் பார்ப்பவர், எழுதிக் கொடுத்த தாளையும் பார்த்தேன். "போகலாமாம்மா?" என்று ஒரே வரி கேட்டிருந்தாய். அன்றைக்கே பதில் போட்டேன். மூன்று ஞாயிறு போய்விட்டது, நீல டிக் விழுந்ததோடு சரி. துண்டு துண்டாகச் சொன்னது புரியவில்லையோ என்று முழுசாக எழுதுகிறேன். முதுகு பற்றி மட்டும்தான்.

போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். 31 வருஷம் பிசியோதெரபி செய்த கை இது, அதற்காக அடுத்தவர் தொழிலைப் பழிக்க மாட்டேன். அமெரிக்க மருத்துவர்களின் சங்கம் 2017இல் கொடுத்த வழிகாட்டுதலில், புதிதாகப் பிடித்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை என்று சூட்டு ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகெலும்பை அழுத்தித் திருப்பும் சிகிச்சை நான்கையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நாலாவதைத்தான் இவர்கள் செய்கிறார்கள். அதே வருஷம் ஜாமா என்ற மருத்துவ இதழில் 26 ஆய்வுகளை அலசினார்கள். நூறு புள்ளிக்கு வலி சுமார் பத்துப் புள்ளி குறைகிறது, அதுவும் ஆறு வாரத்துக்குள் பார்த்த கணக்கு. கிடைப்பது அவ்வளவுதான். கொஞ்சம் பலன் உண்டு, அற்புதம் இல்லை.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள். புதிதாகப் பிடித்த இடுப்பு முக்கால்வாசிப் பேருக்கு ஆறு வாரத்தில் தானாகவே விட்டுவிடும். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும் என்று நம் ஊரில் நம்புவதும் இதனால்தான். மிதித்தாலும் போகும், மிதிக்காவிட்டாலும் போகும். 24 தடவை என்பது வாரத்துக்கு மூன்று என்றாலும் எட்டு வாரம். எட்டாவது வாரம் நீ நிமிர்ந்து நடந்தால் பெயர் யாருக்குப் போகும், யோசி. முன்பணம் கட்டிவிடாதே. ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் கொடு. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்கு.

நீ இருக்கும் இல்லினாய் மோலீனிலிருந்து மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் பக்கத்திலேயே டேவன்போர்ட். இந்த வைத்தியம் பிறந்ததே அங்கேதான், 1895 செப்டம்பரில். டி.டி. பாமர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகில் ஒரு எலும்பைத் தட்டி உட்கார வைத்ததும் அவருக்குக் காது கேட்டுவிட்டது என்றார். காதுக்குப் போகும் நரம்பு மண்டைக்குள்ளேயே ஓடுகிறது, முதுகெலும்புப் பக்கமே வருவதில்லை. நோய்களில் நூற்றுக்கு 95 முள்ளெலும்பு விலகலால்தான் வருகிறது என்றும் பாமர் எழுதினார். அவர் தொடங்கிய கல்லூரி இன்றைக்கும் அங்கே பிரேடி தெருவில் இருக்கிறது. இன்றைக்கு இந்தத் தொழிலில் இரண்டு வகை ஆட்கள். ஒரு சாரார் எங்களைப் போலவே சோதித்து, நாலு தடவை கை வைத்து, உடற்பயிற்சி சொல்லி அனுப்பிவிடுவார்கள். இன்னொரு சாரார் 'விலகல்' தேடுவார்கள், வந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பார்கள், வலி போன பிறகும் 'பராமரிப்புக்கு' மாதாமாதம் வரச் சொல்வார்கள். உன் தாளைப் பார்த்தால் இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது.

ரிப்போர்ட்டில் எல்5, அதாவது இடுப்பின் கடைசி முள்ளெலும்பு, சுழன்றிருக்கிறது, இடுப்பு வளைவு குறைந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பயப்படாதே. வலியில் தசை இறுகி நிற்பவனை நிற்க வைத்துப் படம் எடுத்தால் வளைவு குறைவாகத்தான் தெரியும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. முப்பது வயசில் நூற்றுக்கு 40 பேருக்கு, நாற்பதில் 50 பேருக்கு டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, பிதுங்கியிருந்தது. அத்தனை பேரும் ஓடியாடிக்கொண்டு இருந்தவர்கள். படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, ஆளுக்குத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டைச் சோஃபா மேல் வைத்துப் படம் எடுத்திருக்கிறாய். ஓரத்தில் தலையணையும் மடித்து வைத்த கம்பளியும் தெரிந்தது.

சோஃபாவில் படுத்தால் எந்த முதுகும் தாங்காது. நீ ஆறடி, கால் நீட்ட இடம் இருக்காது, முழங்காலை மடித்து ஒருக்களித்து ஏழு மணி நேரம் கிடந்தால் இடுப்பு ஒரு பக்கமாகத் தொய்ந்தே இருக்கும். ராத்திரி டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்குக்கு அழுத்தம் அதிகம், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எதையும் தூக்காதே. கட்டிலில் படு. மல்லாந்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் முழங்கால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மெத்தை ரொம்பக் கெட்டியாக வேண்டாம், நடுத்தரம் போதும். கட்டில் இருக்கும் வீட்டில் கட்டிலில் படு.

அங்கே மேஜையில் உன்னைக் கிடத்தி என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன், பயம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கீழ்க் காலை நீட்டி, மேல் முழங்காலை மடித்து மேஜை விளிம்புக்கு வெளியே விடுவார்கள். தோளைப் பின்னால் தள்ளி, இடுப்பை முன்னால் இழுத்து, இனி திரும்பாது என்ற இடத்தில் சட்டென்று ஒரு சின்ன அழுத்தம். 'டொக்' என்று கேட்கும். எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் நீரில் காற்றுக்குமிழி உண்டாகும் சத்தம். விரலில் சொடுக்கு எடுத்தால் அதே விரல் இருபது நிமிஷத்துக்கு மறுபடி சொடுக்காதே, அதே சங்கதிதான். இறுகிய தசை சில மணி நேரம் விட்டுக்கொடுக்கும். அந்த நேரத்தில் நடந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். வீட்டுக்கு வந்து சோஃபாவில் விழுந்தால் சாயங்காலமே பிடித்துக்கொள்ளும். கழுத்தில் மட்டும் கை வைக்க விடாதே. இடுப்பு வலிக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை, அரிதாக அங்கே ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே சோதித்துக்கொள். குதிகாலால் பத்து அடி நட, நுனிக்காலால் பத்து அடி நட. கால் கட்டைவிரலை மேலே தூக்கி, இன்னொருவரை அழுத்தச் சொல். (அவளைச் சொல். ஒரு நிமிஷ வேலைதான்.) ஒரு கால் சோர்ந்து மடங்கினால் கைரோபிராக்டரிடம் போகாதே, நேரே டாக்டரிடம் போ. சிறுநீர் இறங்கவில்லை, மலம் தன்னறியாமல் போகிறது, சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போயிற்று, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே எமர்ஜென்சி. ராத்திரி ஆனாலும் சரி, பனி கொட்டினாலும் சரி. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தாலும் யாரும் முதுகில் கை வைக்கக் கூடாது. போன வீடியோ காலில் நீ மெலிந்து தெரிந்தாய். டயட் என்றாய். டயட்தானே?

எதுவும் இல்லையென்றால் ஆறு தடவை போய்ப் பார், மூன்று வாரத்துக்குள். முதல் நாளே ஒரு காகிதத்தில் மூன்று எண் எழுது: குனிந்தால் விரல் நுனி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், வலி இல்லாமல் எத்தனை நிமிஷம் உட்கார முடிகிறது, ராத்திரி எத்தனை மணி நேரம் தூக்கம். ஆறு தடவைக்குப் பிறகு இந்த எண்கள் நகரவில்லையென்றால் நிறுத்திவிடு. நன்றாகிவிட்டாலும் நிறுத்திவிடு. இல்லினாயில் பிசியோதெரபிஸ்ட்டிடம் டாக்டர் சீட்டு இல்லாமலே போகலாம், இன்சூரன்ஸ் கேட்கிறதா என்று மட்டும் விசாரி.

வீட்டில் செய்ய வேண்டியது. குப்புறப் படுத்து, இடுப்பு தரையிலேயே இருக்க, கையை ஊன்றி மார்பைத் தூக்கு. பத்துத் தடவை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறினால் நல்ல அறிகுறி, தொடர்ந்து செய். இடுப்பு வலி காலுக்கு இறங்கினால் அதோடு நிறுத்து. மண்டியிட்டுக் கை ஊன்றி, வலக்கையும் இடக்காலும் நீட்டிப் பத்து விநாடி, மாற்றிப் பத்து விநாடி, ஆறு சுற்று. பெல்ட் போடாதே, பழகிவிட்டால் கழற்றவே தோன்றாது. பாராசிட்டமால் இதற்குக் கேட்காது, 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில் மருந்தில்லாத சும்மா மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐபுப்ரொஃபென் உன் வயிற்றுக்கு ஆகாது, உனக்கே தெரியும். வெந்நீர்ப் பை இருபது நிமிஷம் வை.

எல்லாவற்றையும்விட நடை. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துப் பார்த்தார்கள். முதுகு வலி குணமானவர்களில் நடக்கப் பழகியவர்களுக்கு அடுத்த வலி வர 208 நாள், சும்மா விட்டவர்களுக்கு 112 நாள். இலக்கு வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி. நீ பத்து நிமிஷத்தில் தொடங்கு. பனி தள்ளும்போது வாரித் தூக்காதே, முன்னால் தள்ளு. தூக்கியே ஆகவேண்டும் என்றால் பாதி மண்வெட்டி, இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்பு.

டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு சீட் கணக்குப் போடுகிற பிள்ளை நீ. விநாடிக்கு நாலு முதல் ஆறு அதிர்வில் முதுகுத்தண்டு சேர்ந்து ஆடும், அதனால் சீட் அதை விழுங்க வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாய். அன்றைக்குத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஊரில் எவனோ ஒரு விவசாயியின் முதுகுக்கு அத்தனை யோசிக்கிறவன், தன் முதுகைச் சோஃபாவில் போட்டு வைத்திருக்கிறானே.

தூக்கம் கெட்டால், மனசில் ஒன்றை வைத்துக்கொண்டே இருந்தால், இடுப்பு வலி நாள்பட்டதாக மாறும் வாய்ப்பு அதிகம். இது அம்மா பேச்சில்லை. டிஸ்க்கைவிட இதைத்தான் நாங்கள் முதலில் விசாரிப்போம். உன்னிடம்தான் விசாரிக்கத் தெரியவில்லை எனக்கு.

திருநகர் வீட்டில், நீ ஒன்பதாவது படிக்கும்போது, ஏழெட்டு மாதம் நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேனே. முதுகுக்குத் தரைதான் நல்லது என்று உன்னிடம் சொன்னேன். தரை நல்லதில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். எனக்கு முதுகு வலியே இல்லை, தம்பி. படித்த படிப்பை வைத்துப் பிள்ளையிடம் பொய் சொன்னேன். அப்பாவிடமும் பேசவில்லை, உன்னிடமும் பேசவில்லை. வலி என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நீ என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாயோ என்று இந்த மூன்று வாரமாக நினைக்கிறேன்.

ஞாயிறு உங்கள் நேரம் காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. எனக்கு ராத்திரி ஏழரை, அப்பா கோயிலுக்குப் போயிருப்பார். உட்கார்ந்து பேசாதே. கோட்டு, குல்லா எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வந்து நடந்துகொண்டே பேசு. பத்து நிமிஷம் போக, பத்து நிமிஷம் வர. முதுகு பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை.

அம்மா