போட்டோவுக்குக் கீழ பாறையோட உயரத்தையும் ஒரு வரி போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்போட கடைசிப் பக்கத்துல முழுப்பக்கத்துக்கு ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, சவுதி பாலைவனத்துல நடுவுல ஒரே கோடா ரெண்டா பிளந்து நிக்கிற பாறை, மேல ‘வானைத் தொடும் மர்மப் பாறை, வெட்டியது யார்?’னு தலைப்பு வேற. காலையில எழுந்து பாத்தா எங்க ரூம் பசங்க எல்லாரும் அத எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருக்கானுங்க, ஊர்லேந்து மாமா போன் பண்ணி ‘மாப்ள அது அம்பது மாடி இருக்குமாமே, நீ பக்கத்துலதான இருக்க’னு கேக்குறாரு. சார், அந்தப் பாறை மொத்தமே சுமார் 6 மீட்டர் உயரம்தான். அகலம் 9 மீட்டர் வரைக்கும் சொல்றாங்க. நம்ம மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்குல்ல, உயரத்துல ஏறக்குறைய அவ்ளோதான்!

நான் சவுதியில தபூக்ல எலக்ட்ரீஷியன் வேலை பாக்குறேன். அந்தப் பாறைக்குப் பேரு அல் நஸ்லா, தைமாங்கிற ஊருக்குத் தெக்கால பாலைவனத்துல இருக்கு, தைமா எங்க தபூக் மாகாணத்துலதான் வருது. லீவு நாள்ல கேமராவத் தூக்கிக்கிட்டு சுத்துற ஆளு நான், அந்தப் பாறை முன்னாடி மண்ணுல குப்புறப் படுத்து நானும் எடுத்திருக்கேன், அதனால உங்க போட்டோவப் பாத்த உடனே தெரிஞ்சுது, எடுத்தவரு கேமராவ தரையிலேந்து ஒரு சாண் உயரத்துல வச்சு, பாறைக்கு ரொம்பக் கிட்டப் போயி, வைட் லென்ஸ்ல மேல பாத்து எடுத்திருக்காரு. போட்டோ அருமையான போட்டோ, அதுல எனக்குக் குறை சொல்ல ஒண்ணுமில்ல. கீழ படுத்து எடுக்குறது ஏமாத்து வேலைனு சில பேரு சொல்வாங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா அப்படி எடுத்த படத்துல அளவு தெரியாது, அந்த அளவச் சொல்ல வேண்டியது கீழ எழுதுற ஆளோட பொறுப்பு, அத உங்க ஆளுங்க விட்டுட்டு மர்மத்த மட்டும் எழுதிட்டாங்க. என் வருத்தம் அவ்ளோதான்.

அளவு ஏன் தெரியாமப் போகுதுங்கிறத கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இது தெரிஞ்சா உங்க வாசகர்களே போட்டோவப் பாத்து உயரம் கணக்குப் போட்டுருவாங்க. சமதரையில நின்னு போட்டோ எடுத்தா தூரத்துல வானமும் மண்ணும் சேர்ற கோடு இருக்கு பாருங்க, அது எதிர்ல நிக்கிற எல்லாத்தையும் கேமரா இருக்குற உயரத்துலதான் வெட்டும். நீங்க நின்னுக்கிட்டு கண்ணு உயரத்துல, ஒரு ஒண்ணரை மீட்டர்ல எடுத்தா, அந்தக் கோடு பாறையில ஒண்ணரை மீட்டர்ல ஓடும், பாறை 6 மீட்டர்னா கால்வாசி கோட்டுக்குக் கீழ, முக்கால்வாசி மேல, அப்ப கோட்டுக்குக் கீழ இருக்குற மாதிரி நாலு மடங்கு பாறைனு ஸ்கேல் வச்சே சொல்லிரலாம். அதே கேமராவ ஒரு சாண் உயரத்துக்கு இறக்குனீங்கன்னா கோடு பாறையோட அடியில போயி ஒட்டிக்கும், பாறை முழுசும் வானத்துல நிக்கும், பின்னாடி மண்ணுல இருந்த டயர் தடமெல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளயே அடங்கிப் போயிரும். அளக்குறதுக்கு எதுவும் மிஞ்சாது. சுத்தி மலை இருந்தா இந்தக் கணக்கு சரியா வராது, சமதரைக்குத்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இதே சவுதியில அல் உலாங்கிற ஊர்ல யானைப்பாறைனு ஒண்ணு இருக்கு, ஜபல் அல் ஃபீல்னு சொல்லுவாங்க, தும்பிக்கைய மண்ணுல ஊணிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கும், அது 52 மீட்டர், அதாவது நஸ்லாவப் போல எட்டு மடங்குக்கும் மேல. அதுக்கு முன்னாடி போயி நீங்க படுத்தாலும் ஒண்ணுதான் நின்னாலும் ஒண்ணுதான், ரெண்டுலயும் அடிவானம் அதோட காலடியிலதான் இருக்கும். அங்க நிறைய பேரு மண்ணுல உருண்டு பொரண்டு எடுக்குறத பாத்திருக்கேன், சட்டை அழுக்கானதுதான் மிச்சம். குனிஞ்சு எடுக்குறதோட பலன் முழுசா கிடைக்கிறது ஆள் உயரத்துலேந்து ஒரு ரெண்டு மாடி உயரம் வரைக்கும் இருக்குற பாறைகளுக்குத்தான். எகிப்துல ஃபராஃப்ரா பக்கம் வெள்ளைப் பாலைவனம் இருக்குல்ல, சுண்ணாம்புப் பாறை, பழைய கடலடியில படிஞ்சது, காளான் மாதிரியும் கோழி மாதிரியும் நிக்கும், அதுங்கள்லாம் சின்னதுங்கதான், ஆனா நெட்ல பாக்குற படத்துல எல்லாம் கோபுரமா நிக்குது. காரணம் இதேதான். பேப்பர்ல அச்சடிச்சா 6 மீட்டரும் ஒண்ணுதான் 52 மீட்டரும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் நீங்க குடுக்குறது அதே எட்டு காலம்.

சரி, அப்ப எதுக்கு கீழ படுக்கணும்னு கேப்பீங்க. பாறையப் பெருசாக் காட்டத்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க, எனக்கு அது ரெண்டாம்பட்சம். இந்த மாதிரி பாறைங்கள்ல பாக்க வேண்டிய விஷயமே அடியிலதான் இருக்கு. நஸ்லாவோட ரெண்டு துண்டும் தரையில உக்காந்திருக்கல, ஒவ்வொண்ணும் ஒரு சின்னப் பீடத்து மேல நிக்குது, மேல அகலம் கீழ குறுகல். நின்னு எடுத்தா அந்த வயித்துப் பக்கம் இருட்டா ஒரு கோடு மாதிரிதான் தெரியும், படுத்து எடுத்தாத்தான் எவ்ளோ உள்ள அரிச்சுப் போயிருக்குன்னு தெரியும். காத்து அடிக்கும்போது மண்ணு துகள் தரையில தெறிச்சுத் தெறிச்சுத்தான் ஓடும், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழ, பேக்னால்டுனு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1930கள்ல லிபியப் பாலைவனத்துல காரை எடுத்துக்கிட்டு சுத்தி, அப்புறம் ஊர்ல போயி காத்துக் குழாய் வச்சு மண்ணை ஊதி இதையெல்லாம் அளந்து எழுதினாரு. அந்த மண்ணுதான் பாறையோட காலை ராவுது. அதோட கீழ நிழல் இருக்குறதால பனி ஈரமும் உப்பும் அங்க கொஞ்ச நேரம் கூடவே தங்கி மணற்கல்லை உதிர வைக்குதுனு இப்ப சொல்றாங்க, ரெண்டும் சேந்த வேலைதான். ஆக வேலை நடக்குற இடம் முழங்காலுக்குக் கீழ, கேமராவும் அங்க இருந்தாத்தான் அதைப் பாக்கும்.

‘வெட்டியது யார்?’னு கேட்டிருந்தீங்க. யாரும் வெட்டல சார். லேசரும் இல்ல, வேற்று கிரகத்து ஆளும் இல்ல. பெரிய பாறைங்கள்ல நேர்கோடா விரிசல் விழுறது சாதாரணம், பூமிக்குள்ள இருந்த அழுத்தம் மாறும்போது ஜாயின்ட்னு சொல்ற விரிசல் விழும், பல நேரம் ஸ்கேல் வச்ச மாதிரிதான் விழும், அதுக்கப்புறம் அந்தச் சந்துல காத்தும் மண்ணும் பூந்து பூந்து ரெண்டு பக்கமும் வழவழன்னு ஆக்கியிருக்கும், நிலவியல்காரங்க சொல்றது இதுதான், அடிநிலம் லேசா நகர்ந்ததாலயும் பிளந்திருக்கலாம்னும் சொல்றாங்க. நிஜமாவே மனுசன் கை வச்ச வேலை அதே பாறையில இருக்கு, அதப் பத்தி ஒரு வார்த்தை எழுதலியே! தென்கிழக்கு முகத்துல பழைய காலத்து ஆளுங்க குதிரையும் மத்த மிருகங்களும் கொத்தி வச்சிருக்காங்க. பக்கத்து தைமா என்ன சாதாரண ஊரா, பாபிலோன் ராஜா நபோனிடஸ் கி.மு. ஆறாம் நூற்றாண்டுல தலைநகர விட்டுட்டு பத்து வருஷம் வந்து தங்குன ஊரு. இவ்ளோ இருக்கும்போது வேற்று கிரகம் எதுக்கு?

அந்தக் கொத்து வேலையப் படம் எடுக்குறதுக்கும் ஒண்ணு சொல்லணும், சில பேரு சாக்பீஸ் தேச்சும் தண்ணி ஊத்தியும் கோடு நல்லா விழணும்னு எடுக்குறாங்க, அது பாறைய நாசமாக்குற வேலை. வெயில் பக்கவாட்டுல சாஞ்சு விழுற நேரம் வரைக்கும் பொறுத்திருந்தா கோடு தானா நிழல் கட்டிக்கிட்டு எழும்பும்.

இப்ப எடுக்குற விஷயம். எங்க ஊர்ப் பசங்க கல்ஃப்ல எவ்ளோ பேரு இருக்கானுங்க, கையில போன் இருக்கு, அவனுங்களுக்காகத்தான் இது. போன்ல லென்ஸ் மேல் மூலையில இருக்கும், அதனால போனத் தலைகீழாப் புடிச்சா லென்ஸ் மண்ணோட ஒட்டி வந்துரும், குப்புற விழ வேண்டிய அவசியமே இல்ல, குத்துக்கால் போட்டு உக்காந்தாலே போதும். 0.5 போட்டு பாறைக்குக் கிட்டப் போயி எடுத்தா முன்னாடி இருக்குற மணல் வரி பெரிய அலையாத் தெரியும், பாறையோட தலை மட்டும் சிறுத்துப் போயி பின்னாடி சாயுற மாதிரி இருக்கும், உங்க பேப்பர்ல வந்தது இந்த வகை. எனக்குப் புடிச்சது வேற, நல்லா ஒரு அம்பது அடி பின்னாடி போயிரணும், அப்புறம் தாழ்வா உக்காந்து 2 இல்ல 3 ஜூம் வச்சு எடுக்கணும். கேமராவ ரொம்ப அண்ணாந்து பாக்க விட வேண்டியதில்ல, பாறை நேரா நிக்கும், தலைக்கும் காலுக்கும் உள்ள விகிதம் கெடாது, பீடமும் தெரியும், வானத்துல தனியாவும் நிக்கும். நஸ்லாவுல பிளவுக்கு நேரா உக்காந்தாத்தான் சந்து வழியா வானம் கோடா தெரியும், ரெண்டு எட்டு தள்ளுனாலே மூடிக்கும், அந்த இடத்த முதல்ல நின்னபடியே தேடிக் கண்டுபுடிச்சு அப்புறம் கீழ இறங்குங்க. பெரிய கேமரா வச்சிருக்கவங்க லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 பக்கம் வச்சா முன்னாடி மணலும் பின்னாடி பாறையும் ஓரளவு ரெண்டுமே ஷார்ப்பா வரும், மூக்குக்கு முன்னாடி இருக்குற மண்ணு அப்பவும் கலங்கத்தான் செய்யும், அதுக்கு ஃபோகஸ மாத்தி மாத்தி ரெண்டு மூணு எடுத்து கம்ப்யூட்டர்ல சேக்கணும், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

லென்ஸ் மாத்துறத அங்க வச்சுக்காதீங்க. மண்ணு ஒட்டுனா துணியால துடைக்கவும் கூடாது, கீறல் விழுந்துரும், ஊதி எடுத்துட்டுதான் துடைக்கணும். காலடித் தடம் இன்னொரு தலைவலி, தாழ்வா எடுக்கும்போது முன்னாடி இருக்குற ஒரே ஒரு செருப்புத் தடம் பள்ளமாட்டம் தெரியும், அதனால பாறைய பக்கவாட்டுல சுத்திப் போங்க, எடுக்கப் போற பக்கம் கடைசியா போங்க. கூட வந்தவனுங்க கேக்க மாட்டானுங்க, முன்னாடி ஓடிப் போயி செல்ஃபி எடுத்துட்டு வருவானுங்க, எங்க கம்பெனி டிரைவர் பெஷாவர்காரர் ஒருத்தரு, அவரு மட்டும்தான் வண்டியிலயே உக்காந்து சாய் போட்டுக்கிட்டு ‘ஜல்தி கரோ பாய்’னு கத்துவாரு, அவர்தான் எனக்கு சரியான ஜோடி.

முக்கியமா இன்னொண்ணு, படுக்குறதுக்கு முன்னாடி தரையப் பாருங்க. கொம்பு விரியன் மண்ணுக்குள்ள புதைஞ்சு கண்ணை மட்டும் வெளிய வச்சுக்கிட்டுக் கிடக்கும், சுருட்டையும் உண்டு. பாறை அடியில இருக்குற கல்லப் புரட்டாதீங்க, தேள் இருக்கும். விடியுறதுக்கு முன்னாடி போறவங்க ஒரு யுவி டார்ச் வாங்கி வச்சுக்கலாம், அந்த வெளிச்சத்துல தேள் பச்சையா மின்னும், நல்லாவே தெரியும். பாய் ஒண்ணு விரிச்சுட்டுப் படுங்க. கோடையில வெயில் ஏறுன பெறகு போயி வெறும் கல்லுல முழங்கையை ஊணுனா தோலு வெந்துரும், டிசம்பர் ஜனவரியில தபூக் குளிருக்கு ஜெர்கின் இல்லாம முடியாது, எனக்கு அந்தக் குளிர் மாசம்தான் சவுகரியம்.

பீடத்துல சாஞ்சுக்கிட்டும் பாறையத் தள்ளுற மாதிரி போஸ் குடுத்தும் எடுக்குறத தயவுசெஞ்சு யாரும் செய்ய வேணாம். வெண்ணெய் உருண்டைக்கு அடியில கைய வச்சுத் தாங்குற போட்டோ நம்ம வீட்டு ஆல்பத்துல எல்லாம் இருக்கு, அது கெட்டியான கருங்கல்லு, தாங்கும். இது உதிர்ற மணற்கல்லு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல காப்ளின் வேலினு ஒரு இடம், அங்கயும் இப்படிக் காளான் பாறைங்கதான், 2013 அக்டோபர்ல சாரணர் இயக்கத்து ஆளுங்களே ஒண்ணைத் தள்ளி விட்டுட்டுக் கும்மாளம் போட்டு வீடியோவும் எடுத்தாங்க, கேஸ் ஆச்சு. கேஸ் போட்டு என்ன, பாறை போனது போனதுதான்.

உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த தடவை இந்த மாதிரி படம் போடும்போது எந்த ஊரு, எவ்ளோ உயரம், எவ்ளோ தாழ்வா வச்சு எடுத்ததுன்னு கீழ ஒரு வரி, முடிஞ்சா ஓரத்துல தபால்தலை அளவுக்கு அதே பாறை முன்னாடி ஒரு ஆளு நிக்கிற படம் ஒண்ணு. நஸ்லா முன்னாடி எங்க பெஷாவர் டிரைவர் நிக்கிற போட்டோ என்கிட்ட இருக்கு, மனுசன் ஆறடி, வேணும்னா அவர்கிட்ட கேட்டுட்டு மெயில்ல அனுப்புறேன். எங்க மாமாவுக்கு ஏற்கனவே அனுப்பிட்டேன், அவரு நம்ப மாட்டேங்கிறாரு, பேப்பர்லயே போட்டிருக்கானேங்கிறாரு.

இப்படிக்கு,
தபூக்கிலிருந்து ஒரு வாசகன்