கல் போட்டவர்களுக்கும் ஒயர் போட்டவர்களுக்கும்

மூன்று வருடமாக எங்கள் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் ஒரு கருங்கல்தான். சீட்டுக்குப் பின்னால் கிடக்கும். மேட்டில் நிறுத்தினால் வீட்டுக்காரம்மா இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். அதற்கப்புறம்தான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன். மருதமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பட்டுச்சேலையோடு கல் போட்டார். முதல் நன்றி அவருக்கு.

வண்டி 1968 டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத் தம்பி முறை. ஹேண்ட் பிரேக் லிவரிலிருந்து ஒரு கம்பி ஒயர், இழுப்பை இரண்டு பக்கமும் பங்கிட நடுவில் இருக்கும் இழுகட்டைக்கு வரும். அங்கிருந்து இன்னொன்று குறுக்கே இரண்டு பின் சக்கரத்து பிரேக் டிரம்முக்கும் போகும். அந்தக் குறுக்கு ஒயர் நைந்துபோக, வெளியூரிலிருந்து வரவழைத்தது இரண்டு அங்குலம் கூடுதல் நீளமாக வந்து சேர்ந்தது. மரை தீரும்வரை முறுக்கினேன். கூரையில்லாத வண்டியில் லிவர் வானத்தைப் பார்த்து நின்றதுதான் மிச்சம்.

"வெட்டி வெல்டு வெச்சுக்கலாம்" என்றார்கள் ஒரு பட்டறையில். தலையாட்டியிருப்பேன். சிங்காநல்லூரில் டூ வீலருக்கு ஒயர் கட்டித் தரும் அண்ணன்தான் தடுத்தார். "ஏனுங்க, சூடு காட்டுனா கம்பி மெதுவாயிருமுங்க. மலையில அறுந்தா என்னங்க பண்ணுவீங்க?" வெட்டும் இடத்தில் மெல்லிய கம்பியை இறுக்கிச் சுற்றி, இழை பிரியாமல் நறுக்கிக் கொடுத்தார்.

கணபதியில் லேத் வைத்திருக்கும் மாமா, வெட்டிய ஒயருக்குப் புது முனையாக, இரும்பு ராடின் ஒரு முனையில் துளை போட்டு, மறுமுனையில் பழைய அளவிலேயே இஞ்சு மரை வெட்டினார். துளைக்குள் ஒயரை விட்டு, பேரிங் ஏற்றும் பிரஸ்ஸில் வைத்து நசுக்கினார். சூடே படவில்லை. காசு கொடுத்தால் டீ வாங்கித் தரச் சொன்னார்.

தாங்குமா என்று பார்க்க வேண்டுமே? ஜின்னிங் பேக்டரியில் வேலை பார்க்கும் மச்சான், செயின் பிளாக்கில் ஒயரை மாட்டி ஒரு பஞ்சுப் பொதியைத் தொங்கவிட்டார். பொதி 170 கிலோ. ஒயர் நுழையும் இடத்தில் பெயிண்ட் கோடு போட்டு, ராத்திரி முழுக்க விட்டோம். அடியில் யாரும் போய்விடாமல் வாட்ச்மேன் அய்யா கட்டிலைப் பக்கத்திலேயே போட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் கோடு ஒரு நூல்கூட நகரவில்லை.

இவ்வளவும் செய்து மாட்டினால், ஒரு சக்கரம் சூடேறிப் புகைந்தது! கடைசியில் வந்தவர் பஸ் டிப்போவில் ரிட்டயர் ஆன மெக்கானிக் அய்யா. கீழே படுத்துப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஷூவைத் தொடாம ஒயரை ஏன் கண்ணு முறுக்குனே?" டிரம்முக்குள் உரசிச் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்திருக்க, அதை விட்டுவிட்டு, நான் மூன்று வருடமாக ஒயரை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஒயரை முழுக்கத் தளர்த்தினார். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பிடிக்கும்வரை திருகி, தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்வாங்கினார். இழுகட்டை திரும்பும் அச்சு துருவேறி இறுகியிருந்தது. அதனால்தான் இழுப்பெல்லாம் ஒரே பக்கம் போயிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழற்றி கிரீஸ் வைத்தார். அப்புறம் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கச் சொன்னார். இந்த வண்டியின் பின் ஆக்சில் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தொங்கும். அந்தரத்தில் ஒயரை அளந்தால் தரையில் அளவு மாறிவிடுமாம். பலகை மேல் ஏற்றி நிறுத்திய பிறகே ஒயரைத் தொட்டார். இப்போது லிவரை இழுத்தால் ஐந்தாவது பல்லில் பிடிக்கிறது.

போன ஞாயிறு ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினோம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூ காட்சிமுனைப் பக்கத்தில் நிறுத்தி லிவரை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். வண்டி நின்றது. வீட்டுக்காரம்மா மட்டும் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கலாமா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா கேட்ட டீ இன்னும் பாக்கி. இந்த வாரம் கணபதி பக்கம் வருகிறேன்.